படிவம் மாற்றி நிரப்பிய இரவு

வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி என்று
மருத்துவபீடத்துப் பிள்ளைகள் ஹொஸ்டலுக்குக்
கொண்டுவந்த படிவம் கேட்டது.
பொகவந்தலாவை மலையில் பிறந்தவள் நான்,
கலஹா சந்தியில் த்ரீவீலர் கிடைக்காத
நாட்களையும் கூட்டி
ஐந்து என்று போட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஷஸ்னா சிரித்தாள்.
மாலைதீவுக்காரி. அவள் தீவில்
ஆகப்பெரிய ஏற்றம் பள்ளிவாசல் படிக்கட்டுத்தானாம்.
வந்த முதல் கிழமை
விரிவுரை மண்டபத்துக்குப் போகும் வழியில்
இரண்டு தரம் குந்திவிட்டாள்.
இப்போது விடிய முன் ஹந்தானைக்குப் போய்
கணுக்காலில் அட்டைக் கடியோடு வருகிறாள்.

"உன்னுடையதை நான் நிரப்புகிறேன், தா."
மாற்றிக்கொண்டோம்.

தூக்கம்: நாலு மணித்தியாலம், அதிலும் புலம்பல்.
காலைச் சாப்பாடு: மூன்று கரண்டி சீனி போட்ட பிளேன்டீ.
காரணம் என்ற இடத்தில்
நேரமில்லை என்றுதான் எழுதுவாள் என நினைத்தேன்.
'மகாபொல பிந்தினால் காசில்லை.
சொல்ல மாட்டாள்.'

நான் எழுதினேன்:
கீரையை என் கோப்பைக்குத் தள்ளிவிடுவாள்.
மீன் ரின் இருந்தால் போதும்.
நடை, நாளுக்கு ஆறு கிலோமீற்றர்.
அழுகை
(அப்படியொரு கேள்வி இல்லை, ஓரத்தில் எழுதினேன்)
வெள்ளிக்கிழமைகளில்,
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை.
வெளியே மழை ஹந்தானையை மூடிக்கொண்டு இறங்கியது.

விடிய ஐந்தேகாலுக்கு
என் போர்வை இழுபட்டது.
ஒரு கையில் அவளுடைய பழைய சப்பாத்து,
மறு கையில் பாதியாய்ப் பிய்த்த பணிஸ்.

"ஒரு அளவு பெரிசு" என்றேன்.
"காலுறை இரண்டு போடு" என்றாள்.