இரட்டைப்படைக் கணக்குகள்

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில்
ஒற்றைப்படைக் கணக்குகளுக்கு மட்டும்தான் விடை.
ஒன்று, மூன்று, ஐந்து என்று போகிறது.
இரட்டைப்படையை
அதன் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

முதல் மூன்று வாரம் ஒற்றைப்படையிலேயே ஓட்டினேன்.
நாலு வரி போடுவது, பின்னால் புரட்டுவது,
விடையைப் பார்த்ததும்
அட, இதைத்தானே நினைத்தேன் என்று
எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்வது.
தேர்வில் நூற்றுக்கு முப்பத்தெட்டு.
புரட்டிப் பழகிய விரல் மட்டும்
என்னோடு வந்திருந்தது தேர்வறைக்கு.

இன்றிரவு பனி வாரும் லாரி எனக்கு.
ஹான்காக் பாலத்துக்கு இந்தப் பக்கம்
உப்பு ஏற்றக் காத்திருக்கிறேன், முன்னால் மூன்று வண்டி.
ஸ்டியரிங் மேல் நோட்டுப் புத்தகம்.
இருபத்தாறாம் கணக்கு:
வர்க்கமூலத்துக்குள் எக்ஸும் ஏழும்.
சமக்குறிக்கு அந்தப் பக்கம்
எக்ஸில் ஐந்து குறைவு.

இரண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினேன்.
நடு உறுப்பை வழக்கம்போல் மறந்தேன்.
அடித்தேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
கழித்தல் பத்து எக்ஸை அழுத்தி எழுதினேன், தாள் கிழிந்தது.
"வெர்னா, நகரு" என்றது ரேடியோவில் ஆலி மாக்கியின் குரல்.
ஒரு லாரி நீளம் நகர்ந்தேன்.

கலூமெட் வரை போனேன்.
வாரிக்கொண்டே போன சாலை
திரும்பும்போது பழையபடி வெள்ளை.
அதற்காக யாரும் வாராமல் விடுவதில்லை.
இதற்குப் பயிற்சி என்று பெயராம், வகுப்பில் சொன்னார்கள்.
பத்தொன்பது குளிர்காலமாக
நான் இதை வேலை என்றுதான் சொல்கிறேன்.

நாலரை மணி. மறுபடி உப்புக் கொட்டகை.
பெருக்கினால் பதினெட்டு, கூட்டினால் பதினொன்று.
ஆறும் மூன்றும், இல்லை.
பதினெட்டும் ஒன்றும், இல்லை.
ஒன்பதும் இரண்டும்.

ஆக எக்ஸ் ஒன்பது, அல்லது இரண்டு.
யாரைக் கேட்பது?
பின்பக்கத்தில் இருபத்தைந்து, உடனே இருபத்தேழு.
நடுவில் மயிரிழை அளவு வெற்றுத்தாள்.

கணக்கையே கேட்டேன்.
ஒன்பதை உள்ளே அனுப்பினேன்:
இங்கே நாலு, அங்கே நாலு.
இரண்டை அனுப்பினேன்:
இங்கே மூன்று, அங்கே
கழித்தல் மூன்று.

என் வரிகளில் எதுவும் தப்பில்லை,
ஐந்து முறை பார்த்துவிட்டேன்.
வர்க்கப்படுத்திய இடத்தில்
கழித்தல் குறி அழிந்துபோக,
அந்தக் கதவு வழியே
நானே உள்ளே விட்ட ஆள் இந்த இரண்டு.
அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டேன்,
பிறகு படிக்கத் தெரிகிற மாதிரி.

"என்ன அங்கே, தனியாகச் சிரிக்கிறாய்?"
ரேடியோ பொத்தான் கைபட்டு அமுங்கியிருக்கிறது.
"ஒன்பது" என்றேன்.
"யார் சொன்னது?"

லாரியின் முதுகில் உப்பு கொட்டத் தொடங்கியது.
வண்டி முழுக்க அதிர்ந்தது, பென்சில் உருண்டு விழுந்தது.
குனிந்து எடுத்து
இருபத்தெட்டைத் தொடங்கினேன்.
அது இன்னும் வரவில்லை.