தொய்வு

பண்ணையிலிருந்து சினாவ் சாலைக்கு
பதினேழு கிலோமீட்டர், தார் கிடையாது.
கிரேடர் சீவிவிட்டுப் போன மறுநாள்தான்
இந்தப் பாதை ரொம்ப மோசம்.
புதிதாய்ப் பெயர்ந்த கல்லுக்கெல்லாம்
இருக்க இடம் பிடிபட்டிருக்காது.

பின்சக்கரம் ஒன்றைக் கவ்வும்,
அரைச் சுற்று தூக்கிப் போகும்,
எறியும்.
நாற்பதில் போனால் கீழ்ப்பலகையில் படும்,
அறுபதில் நெற்றியில்.
எண்பதில் நான் போனதில்லை.
பிக்அப் இழுத்து வருவது குதிரை டிரெய்லர்.
உள்ளே ரிஹாம்.
தூறல் என்று அர்த்தமாம் அந்தப் பெயருக்கு.

அர்பாப் பெயிண்டைப் பார்ப்பார்.
வெள்ளை உரிந்து தகரம் தெரியும் இடங்களை
ஆள்காட்டி விரலால் தொட்டுத் தொட்டு
எண்ணிக்கொண்டே வருவார்.
அரபியில் இருபத்து மூன்று வரைக்கும்
நான் அப்படிக் கற்றதுதான்.

நான் பார்த்தது வேறு.
ஒவ்வொரு டங்குக்கும்
கண்ணாடியில் டிரெய்லர் ஒரு பக்கம் சாயும்.
கால் மாற்றுகிறாள்.
நானூறு கிலோ பயம்
கொக்கி வழியே ஏறி வந்து
என் சீட்டை உலுக்கும்.
எறிவது யாரென்று அவளுக்குத் தெரியாது.
ஸ்டியரிங் என் கையில்.

முதலில் கடையில் விற்கிற மட்ஃப்ளாப்.
வேகம் பிடித்ததும்
காற்றில் வேட்டி மாதிரி பறந்தது.
கிரஷரில் லோடர் ஓட்டும் மல்லய்யா,
கரீம்நகர்க்காரன்,
அறுந்த கன்வேயர் பெல்ட்டில் இரண்டு முழம் தந்தான்.
ஆயுசு முழுக்கக் கல் சுமந்த ரப்பர்.
பாதிக் கல்லை அடையாளம் கண்டு நிறுத்தியது.
மீதி, அடியில் நுழைந்து வந்தது.

அப்புறம் அலுமினியத் தகடு.
சனையாவில் பதினான்கு ரியால்.
டிரெய்லரின் முகத்தில் அடித்து முடித்ததும்
நானே இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தேன்,
மாப்பிள்ளை மாதிரி இருந்தது.
அன்றே, பதினோராவது கிலோமீட்டரில்,
என் பிடரிக்குப் பின்னால் வெடித்தது.
தகட்டில் பட்ட கல்
கோபம் குறையாமல் திரும்பி வந்து
பின்கண்ணாடியைக் கல்கண்டாக்கிவிட்டது.
சட்டைக்குள், காதுக்குள்,
பாதி தின்ற பரோட்டாப் பொட்டலத்துக்குள்.
எறிந்தவன் விலாசத்துக்கே வந்திருக்கிறது,
யாரைச் சொல்ல?
முப்பத்தைந்து ரியால்
சம்பளத்தில் பிடித்தம்.

குல்ஸமான் சீட் தைக்கிறவன், ஸ்வாத் பக்கம்.
தகட்டை விரலால் சுண்டிப் பார்த்தான்,
சிரித்தான்.
யார் வீட்டு மஜ்லிஸோ தூக்கிப் போட்ட கம்பளம்
தேநீர்க் கறையோடு கடை மூலையில் கிடந்தது.
நெற்றிக் கம்பியில் அதைத் தொங்கவிட்டு,
தகட்டுக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு,
கீழ் ஓரத்தை மடி போல மடித்துத் தைத்தான்.
விறைப்பாக இருக்கட்டும் என்று
நான் இழுத்துக் கட்டப் போனேன்.
கையைத் தட்டிவிட்டான்.
'டீலா ரக்கோ, பாய்.'

இழுத்தால் கிழியும்.
தொய்வாய் விடு.
கல் வரட்டும், கொஞ்சம் உள்ளேயும் வரட்டும்.
எதற்கு வந்தோம் என்று
அதற்கே மறந்துபோகும்.
அவன் சொன்னது பாதி உருது, பாதி கையசைவு.
மீதியை நான் போட்டுக்கொண்டேன்.

இன்று காலை நாற்பத்தைந்தில் வந்தேன்.
டங் இல்லை.
பொத், பொத் என்று,
பக்கத்து அறையில் யாரோ
தலையணை தட்டுவதுபோல.

தார் தொடங்கும் இடத்தில் நிறுத்தி
மடியைக் கவிழ்த்தேன்.
இரண்டு கை கொள்ளுமளவு கல்.
கூர் எதுவும் மழுங்கியிருக்கவில்லை.

காத்திருந்த அர்பாப் இறங்கி வந்து
கம்பளத்தை விலக்கி, விரலால் தடவினார்.
வாஹித் என்று தொடங்கக்கூட ஒன்றுமில்லை.
'பார்க்க அசிங்கமாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லிவிட்டு
வண்டியில் ஏறிக்கொண்டார்.

பக்கக் கதவைத் திறந்தேன்.
ரிஹாம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
வாய் நிறையக் குதிரைமசால்,
மென்றுகொண்டிருந்தாள்.
காது இரண்டும்
பக்கத்துக்கொன்றாய்ச் சரிந்து,
தொய்வாய்.