துருப் பிடிக்காதது

முதுநகரில் ஜுலைகா பீவியின் மச்சு
மூன்று மழையாய் உதிர்ந்துகொண்டிருந்தது.
தொட்டால் ஊறிய ரொட்டி.
உள்ளே கம்பி இருந்த இடத்தில்
பழுப்பாய் ஒரு கோடு,
அவ்வளவுதான் மிச்சம்.

கடல் தின்னுட்டுது என்றார் அந்தம்மா.
கடலைச் சொல்லிக் குற்றமில்லை.
யாரோ ஒருத்தன் முகத்துவார மணலைக்
கழுவாமல் கலவையில் கொட்டியிருக்கிறான்.
உப்பு வெளியிலிருந்து வரவில்லை,
கிரகப்பிரவேசத்துக்கு முன்னாலேயே
குடிவந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை
குட்டியானை வண்டியில் வந்து இறங்கியது
கண்ணாடி நாரில் செய்த கம்பி.
எலுமிச்சை நிறம், முறுக்கு முறுக்காய் வரி.
பத்துக் கம்பியை ஒரே தோளில் தூக்கிக்கொண்டு
தனவேல் மாடிப்படி ஏறினான்,
முருங்கைக்காய்க் கட்டு மாதிரி இருக்குண்ணே என்று
மேலே நின்று சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கனம் இல்லாததை நம்பி
அதன் கீழே எப்படிப் படுப்பது?

பதினெட்டு வருஷமாய்க் கம்பி கட்டுகிறேன்.
பலகையில் ஆணி அடித்து, சாவி மாட்டி,
எட்டு எம்எம்மை ஒரே இழுப்பில்
கொக்கி ஆக்குகிற மணிக்கட்டு இது.
இதையும் மாட்டினேன், இழுத்தேன்.
வளைந்தது, வளைந்தது,
விட்டதும் நிமிர்ந்துகொண்டது.
சாவி பறந்துபோய்
தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது.

இஞ்சினியர் அமலோற்பவம் திட்டவில்லை.
இது இங்கே வளையாதுங்க,
வளைத்தேதான் வரணும்.
எத்தனை கொக்கி, எந்த அளவு,
எழுதிக் குடுங்க, ஆர்டர் போடறேன்.

எழுதுவதா?
அளவு என் கையில் இருக்கிறது,
கை கம்பியைத் தொட்டால்தான் வெளியே வரும்.
சிமெண்டு மூட்டைக் காகிதத்தைக் கிழித்து
காற்றில் வளைத்து வளைத்துப் பார்த்து
ஒவ்வொன்றாய் வரைந்தேன்.
இரண்டு ராத்திரி ஆனது.
நூற்றுப் பதினாறு கொக்கி.
வேண்டியது நூற்றுப் பதினேழு.

அந்த ஒன்றுக்காக ஒன்பது நாள்
ஜாக்கிகள் மேல் நின்றது வீடு.
சாக்கு மறைப்புக்குப் பின்னால்
ஜுலைகா பீவி சங்கரா மீன் பொரித்தார்.
எனக்கும் ஒரு துண்டு வைத்தார்.
எதுவும் கேட்கவில்லை, அதுதான் தொண்டையில் நின்றது.

கேட்டது கடைசி நாளில்தான்,
நெய்வேலிச் சாம்பல் கலந்த கலவையை
மேலே ஏற்றிக்கொண்டிருந்தபோது.
எத்தனை வருஷம் தாங்கும் இது?
நூறுன்னு சொல்றாங்க, என்றாள் அமலோற்பவம்.
பிறகு தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு,
நூறு வருஷம் பார்த்தவங்க யாருமில்லைம்மா,
அந்தக் கம்பிக்கே இன்னும் அவ்வளவு வயசாகலை.
உப்புக்குப் பயப்படாது,
நெருப்புக்குப் பயப்படும்.
அடுப்பைப் பின்கட்டுக்கு மாத்திடுங்க.

ஏதாச்சும் ஒண்ணுக்குப் பயந்தாத்தான்
அது நம்ம வீட்டுச் சாமான், என்றபடி
அந்தம்மா அன்றைக்கே அடுப்பை மாற்றினார்.

சாம்பல் கலவை மெதுவாகத்தான் இறுகும்.
இருபத்தெட்டு நாள் ஈரச்சாக்கு போட்டோம்,
அதற்கப்புறமும் ஒரு மாதம்
உள்ளுக்குள்ளே வலுத்துக்கொண்டிருக்குமாம்,
யாரிடமும் சொல்லாமல்.

பழைய இரும்புக்காரப் பையன் வந்தான்.
கயிற்றில் கட்டிய காந்தத்தைக்
குப்பையெல்லாம் இழுத்து நடந்தான்,
எலுமிச்சைத் துண்டுகளின் மேலும்.
எதுவும் ஒட்டவில்லை.
இன்னாண்ணே வேலை இது என்று
கடுப்போடு போனான்.
அந்தத் துண்டுகளை என்ன செய்வதென்று
எங்களுக்கும் தெரியவில்லை.
ஒரு சாக்கில் கட்டி மூலையில் வைத்திருக்கிறோம்.

அன்றிரவு வண்டிப்பாளையத்தில்
தட்டில் சோற்றைப் பிசைந்தேன்.
என்னவோ குறைந்தது. உப்பா? இல்லை.
விரலை முகர்ந்து பார்த்தேன்,
பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாய்
இரும்பு வாசனை இல்லாத சோறு.

கட்டைவிரலில் மட்டும்
கண்ணுக்குத் தெரியாத ஒரு கண்ணாடிச் சிலாம்பு
ஒவ்வொரு கவளத்துக்கும்
குத்திக்கொண்டே இருந்தது.