பதினாறு மில்லிமீட்டர்

தானம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
முப்பத்தெட்டாயிரம் ரூபாய்,
அதில் இரண்டாயிரம் பாக்கி.
அம்பாசிடரின் பானெட்டைக் கழற்றி
செயின் பிளாக்கில் எஞ்சினைத் தூக்கும்போது
கையில் கொடுத்த கட்டை
வில்வநாதன் எண்ணவில்லை.
டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனவர்
இருட்டும்வரை வரவேயில்லை.

பத்தொன்பது வருஷமாக
அதற்குத் தெரிந்தது ஒரே ரோடு.
காட்பாடி ஸ்டேஷன், பாலாற்றுப் பாலம்,
ஆஸ்பத்திரி வாசல்.
ஹௌராவிலிருந்து இரண்டு ராத்திரி உட்கார்ந்தே வந்தவர்கள்
எக்ஸ்ரே கவரை மடியில் கிடத்திக்கொண்டு
பாலத்தில் எட்டிப் பார்ப்பார்களாம்,
ஆறு எங்கே என்று.

ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது.
பஞ்சு, டோக்கன் சீட்டுக் கிழிசல்,
ஒரு துண்டில்
கொடியில் காயப்போட்ட துணிபோல்
கோட்டில் தொங்கும் எழுத்து.
எனக்குப் படிக்கத் தெரியாது.
கம்ப்ரசர் காற்றை வைத்தேன்.
போய்விட்டது.

ஜீப் வேறு ரகம்.
ஆலங்காயம் பொன்னுரங்கம் அதில்
புளியும் சாமையும் ஏற்றி
ஜவ்வாது மலையை விட்டு இறங்குவார்.
பெட்ரோல் எஞ்சினில் விரிசல்,
வெல்டிங் மேல் வெல்டிங்,
அதற்கு மேல் எம்சீல்,
அதற்கும் மேல் திருநீறு.
கியர்பாக்ஸ் மட்டும் கருங்கல்.

இதன் துளைக்கு அதன் போல்ட் சேராது.
இடையில் ஒரு தகடு வேண்டும்.
அட்டையில் கிரீஸ் ரேகை எடுத்து
கொணவட்டம் நூருல்லா பாய் லேத்துக்குக் கொண்டுபோனேன்.
பதினாலு போதும் என்றார்.
பதினாறு என்றேன்.
இரண்டு மில்லிமீட்டருக்காக அரை நாள் சண்டை.
நடுவில் அசர் தொழுதுவிட்டு வந்து
விட்ட இடத்திலிருந்தே கத்தினார்.
பதினாறுதான் கடைந்தார்.
கன்மெட்டல் புஷ் ஒன்றும் கடைந்து
காசு வேண்டாம் என்று முறைத்துக்கொண்டே கொடுத்தார்.

பிறகு எல்லாமே இடித்தது.
சம்ப் ஆக்ஸிலை இடித்தது, அறுத்தேன்.
ஃபேன் ரேடியேட்டரை இடித்தது,
ரேடியேட்டரை நாலு விரல் முன்னே தள்ளினேன்.
சைலன்சர் பைப் ஸ்டீரிங் பாக்ஸை விடவே மாட்டேன் என்றது.
பொன்னுரங்கம் தினமும் போனில்,
"இன்னாபா, உக்காந்துச்சா?"
உட்காருது, உட்காருது.

ஆர்.டி.ஓ. ஆபீசில்
எஞ்சின் நம்பர்மேல் தாளை வைத்துப்
பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார்கள்.
கறுப்புக்குள் வெள்ளையாக
ஒவ்வொரு எண்ணாக எழுந்து வந்தது.
ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரி மாறியது.

ஸ்டார்ட் பண்ணும் நாளைச்
சொல்லாமலே தெரிந்துகொண்டு வந்தார் வில்வநாதன்.
ஹீட்டர் பிளக், பத்து எண்ணிக்கை,
மூன்றாவது செல்ஃபில் வெள்ளைப் புகை கக்கிப்
பிடித்துக்கொண்டது.
பட்டறையில் எல்லோரும் விசிலடித்தோம்.
"மூணாவது டேப்பெட் தட்டுது" என்றார்.
எனக்குக் கேட்கவில்லை.
அணைத்து, ஃபீலர் விட்டுப் பார்த்தேன்.
மூன்றாவதுதான்.

காவலூர் ஏற்றத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.
வளைவுக்கு வளைவு
இல்லாத கிளட்ச்சை அவர் கால் மிதித்தது.
டெம்பரேச்சர் முள்
நடுக்கோட்டைத் தாண்டி ஒரு நூல் போய் நின்றது.
எதிரே பஸ். ஒதுங்கினேன்.
சாவிக்குப் போன என் கையைப் பிடித்தார்.
"அணைக்காத. ஓடட்டும்.
எமர்ஜென்சி வாசல்ல ராத்திரி பூரா
இப்படித்தான் நிக்கும்."
பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம்
கையை எடுக்கவில்லை.

மேலே பொன்னுரங்கம்
பதினோரு மூட்டையோடு காத்திருந்தார்.
ஏற்றி முடித்துப் பின்பட்டையை உதைத்துப் பார்த்து
இடுப்புப் பையிலிருந்து
இரண்டாயிரத்தை எடுத்து நீட்டினார்.

இந்த முறை வில்வநாதன் எண்ணினார்.
எச்சில் தொட்டு,
இரண்டு தடவை.