பதினேழாவது பாய்மரம்

லான்வெக் துறையில் படகுகளுக்குப் பெயர் எழுதுவது நான்.
எனக்கு முன்னால் அப்பா.
இங்கே மழை பக்கவாட்டில் பெய்யும்,
ஒரு பெயர் உலர மூன்று நாள் ஆகும்.

மே எட்டாம் தேதிக்கு முன்
நகராட்சி ஒரு சின்ன வேலை தரும்.
அலைதாங்கிச் சுவரில் பதித்த கல்லில்
ஐந்து பெயர்களுக்குக் கறுப்பு ஏற்றவேண்டும்.
உப்பு ஓராண்டு தின்றதை
ஒரு காலைப்பொழுதில் திருப்பி எழுதுவேன்.

நாற்பத்து மூன்று, நவம்பர்.
'பசியான்ஸ்' படகில் விளக்கில்லாமல்
இங்கிலாந்துப் பக்கம் போனவர்கள் அந்த ஐவர்.
போனது சரி.
அந்தி சாய்வதற்குள் பதினேழு படகும்
துறைக்குள் நிற்கவேண்டும் என்பது ஜெர்மானியரின் உத்தரவு.
ஒன்று குறைந்தால் அந்த வீட்டார் லாரியில்.
குன்றின்மேல் கான்கிரீட் அறையிலிருந்து
சார்ஜென்ட் ஒருவன் தொலைநோக்கியில் எண்ணுவான்,
படகை அல்ல,
பாய்மரத்தை.

ஆகவே விடிவதற்குள்
இருபது வருடமாய்ச் சேற்றில் மட்கிய ஓட்டைப் படகுக்கு
ஒரு மரம் நட்டார்கள்.
மத்தி ஆலைப் பெண்கள் கிழிந்த வலையை அதன்மேல் உதறிப் போட்டார்கள்.
அப்பா இருட்டில் விரலால் தடவித் தடவி
பெயர் எழுதினார்.
ஓர் எழுத்து விட்டுப்போயிற்று.

நீர் வற்றினால் எல்லாப் படகும் ஒருக்களித்துப் படுக்கும்,
அதுவும் படுத்தது.
நீர் ஏறினால் எல்லாம் எழும்,
அது எழாது.
பதினாறு மரங்கள் ஆடிக்கொண்டிருக்க
ஒன்று மட்டும்
ஆணி அடித்தாற்போல் நிற்கும்.

ஆலையில் கணக்கெழுதிய ஆர்மெல் கெர்வியன்
பஞ்சாங்கத்தில் ஓதங்களைப் பார்த்து வைத்திருந்தாள்.
அந்தியும் ஏற்றமும் சேரும் நாட்களில்
வறுத்த பார்லிக் காப்பியும் ஆப்பிள் சாராயமும் எடுத்து
குன்றேறிப் போவாள்.
அவள் சிரிப்பு மீன்சந்தை வரை கேட்கும்.
மறுநாள் பேரேட்டில்
இல்லாத படகு நாற்பது கிலோ மத்தி பிடித்திருக்கும்,
ஐந்து பேர் கூலி வாங்கியிருப்பார்கள்,
ஐந்து விதமான கையெழுத்தில்.

ஒன்பது மாதம்.
எதற்குப் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியாது.
ஏழெட்டுப் பேருக்குத் தெரியும்.

ஆகஸ்டில் ஊர் விடுதலையானது.
சதுக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள்.
ஆட்டுக்கு ரோமம் வெட்டும் கத்தரி யாரோ கொண்டுவந்தார்கள்.
அந்த ஏழெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள்,
அதில் ஒருவர் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான்.
நெற்றியில் வளைந்த சிலுவை எழுத
தூரிகை பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது.
அப்பாவைக் கூப்பிட்டார்கள்.
இந்த முறை எதுவும் விட்டுப்போகவில்லை.
வெளிச்சம் நன்றாக இருந்தது.

மாலைப் பேருந்தில் தலையில் துணி சுற்றி
ரென் நகரத்துக்கு ஏறினாளாம்.
அடுத்த வசந்தத்தில் மூவர் திரும்பிவந்தார்கள்,
டப்பாப் பாலும் புது மேற்கோட்டுமாக.
பியெரிக் லோஸாக் சேற்றில் இறங்கி
தன் படகின் பெயரை வாசித்துப் பார்த்து
எழுத்துப் பிழை என்று விழுந்து விழுந்து சிரித்தான்.
ஒன்பது மாதம் இதை யார் மிதக்கவைத்தது என்று கேட்டான்.
கடல் என்று யாரோ சொன்னார்கள்.

ஆலைக்காரி மதாலேன் சாகும் வருஷம்
என்னைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னாள்.
அப்பா சொல்லவில்லை.
கடைசி வரை அவர் பேசியது
விட்டுப்போன அந்த ஓர் எழுத்தைப் பற்றித்தான்.

நகராட்சிக்கு இரண்டு கடிதம் போட்டேன்.
சாட்சி உண்டா என்றார்கள்.
உண்டு,
நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்,
இப்போது தேவாலயத்துக்குப் பின்னால்
வரிசையாகப் படுத்திருக்கிறார்கள்.

இன்று ஐந்தும் முடிந்தது.
கல்லின் அடியில் நாலு விரல் இடம் இருக்கிறது.
டப்பாவில் இன்னொரு பெயருக்குக் கறுப்பும் மிச்சம்.
நீர் வற்றிக்கொண்டிருக்கிறது,
சிப்பி மூடிய மரக்கட்டையின் தலை தெரிகிறது.
மூடியை அழுத்தி மூடுகிறேன்.
வெளிச்சம் என்னவோ
நன்றாகத்தான் இருக்கிறது.