நாலெழுத்து

இரவு பத்தேகால். ஜாலான் ஈப்போ அலுவலகத்தில்
ஏர்கோன் இருமிக்கொண்டிருந்தது.
மலாயில் வந்த செய்தி, ஏழே வரி:
மருத்துவமனைத் துப்புரவுப் பெண்கள் அறுபது பேர்,
மூன்று மாதச் சம்பளப் பாக்கி, மழை,
நுழைவாயில் அருகே பெர்ஹிம்புன்.

கூடினர் என்று தட்டினேன்.
"கல்யாண வீடா இது?" என்றார் கிருபாநிதி,
தலைப்புகளுக்குப் பொறுப்பானவர்,
பிஸ்கட்டைத் தே-ஓவில் நனைத்தபடி.
திரண்டனர்?
"அப்புறம் நாம அவங்க பக்கம்னு போன் வரும்."
நின்றனர்?
அதற்கு அவர் பதில்கூடச் சொல்லவில்லை.
என் தோளுக்கு மேலாகக் கை நீட்டி
அவரே தட்டினார்:
முற்றுகை.

எண்ணிப் பார்த்தேன்.
கூடினர், நாலெழுத்து. முற்றுகை, நாலெழுத்து.
இடம் போதவில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.
அந்தச் சொல்லுக்குள் அகழி இருந்தது, யானை இருந்தது,
பூட்டிய கதவுக்குப் பின்னால் பட்டினி கிடக்கும்
ஒரு நகரமே இருந்தது.
இங்கே பட்டினி
கதவுக்கு வெளியே.

மாற்றவில்லை.
கடைசி ரயிலுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது.

காலையில் செந்தூல்.
பிளாட்டுக்குக் கீழே ரொட்டி சானாய்க் கடையில்
டாக்சி ஓட்டும் ஆரோக்கியம் மேசையைத் தட்டினார்:
"முற்றுகைன்னா சும்மாவா? ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்?"
ஏழு வரியில் ஆம்புலன்ஸ் இல்லை.
மத்தியானத்துக்குள் அந்த ஆம்புலன்ஸில்
ஒரு கர்ப்பிணியும் ஏறிவிட்டாள்.
பக்கத்து மேசைக்காரர் அவள் ஊரையே சொன்னார், கெப்போங்காம்.
இந்தத் தேர்தலில் யாருக்குப் போடக் கூடாதென்று
தால்ச்சா ஆறுவதற்குள் முடிவாயிற்று.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஐந்தாம் மாடி நடையில்
ஞானசுந்தரி ஈரச் சப்பாத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.
கீழே விரித்திருந்தது எங்கள் பேப்பர், மூன்றாம் பக்கம்.

"நானும் போயிருந்தேன் தெரியுமா.
குடை பிடிச்சிக்கிட்டு நின்னோம்.
காக் நோராய்னி குவே கொண்டாந்தாங்க,
தின்னுக்கிட்டே நின்னோம்.
அது முற்றுகைன்னு
காலையிலதான் தெரிஞ்சுது."

சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது.
"தப்புதான், இல்ல?
நாலெழுத்து படிச்சவங்க சும்மாவா போடுவாங்க.
வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடறாங்க.
நான் போகலை."

பேப்பரில் வேலை செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.
என்ன வேலை என்று கேட்டதில்லை.
மழைக்காலம் முழுக்க
பழைய பேப்பரை அவளுக்குக் கொடுப்பதும் நான்தான்.

ஒரு சப்பாத்தை எடுத்துத் திருப்பினாள்.
வெள்ளை ரப்பர் அடியில் மை ஒட்டியிருந்தது,
இடவலம் மாறி, பாதி கரைந்து.
கடைசி எழுத்து மட்டும் படிக்க முடிந்தது:
கை.