வெறுவயிற்றில்

காலை ஆறேகால்.
வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்
ஷட்டர் பாதிதான் உயர்ந்திருக்கிறது.
குனிந்து உள்ளே வருகிறாள் பஸ்மிலா,
பன்னிரண்டு மணித்தியாலம் ஒன்றும் தின்னாமல்.
சூன்பாண் ஓட்டோ தன் ஒரே மெட்டோடு
வாசலைக் கடக்கிறது.
இருவரும் கேட்காதது போல் இருக்கிறோம்.

கையை நீட்டு. பொத்திப் பிடி.
"நரம்பு நல்லாத் தெரியுது" என்கிறேன்.
இந்த உடம்பைப்பற்றி யாரோ சொன்ன
முதல் நல்ல வார்த்தைபோல் சிரிக்கிறாள்.

சாம்பல் மூடி, ஊதா மூடி, மஞ்சள் மூடி.
பின்கழுத்துக் கறுப்பை மறைக்க
ஷோலை இழுத்துவிடுகிறாள்; பார்த்துவிட்டேன்.
அது ஊத்தையில்லை, தங்கச்சி.
எத்தனை தேசிக்காய், எத்தனை பொச்சு,
எனக்கும் தேய்த்திருக்கிறார்கள்.
இதைச் சொல்லவில்லை.
"பஞ்சை அழுத்திப் பிடி" என்றேன்.

மெஷின் சுழன்று நிற்கிறது.
சிவப்பு கீழே படிந்து
மேலே தேன்நிறத் தெளிவு வரவேண்டும்.
வந்தது தேங்காய்ப்பால்.
இராமுழுதும் பட்டினி கிடந்தவளின் இரத்தத்தில்
இது எப்படி என்று
ஒருவரும் கேட்கப்போவதில்லை.
வாயைக் கட்டு என்பார்கள்.

சீனி தொண்ணூற்றாறு. நல்ல பிள்ளை.
அடுத்த வரியில் இன்சுலின் முப்பத்தொன்று:
அந்த நல்ல பெயரைக் காப்பாற்ற
குசினிக்குள் ஒருத்தி
இரண்டு ஷிப்ட் மாடாய் உழைக்கிறாள்.
ட்ரைகிளிசரைட் முந்நூற்று எண்பத்தாறு.
எச்டிஎல் முப்பத்திநாலு,
இது மட்டும் கூடவேண்டியது, கூடவில்லை.

வயது இருபத்துமூன்று.
நாலு மாதமாய் வராததைக் கேட்க வந்தாள்.
சூலகத்திடம் கேட்டதற்கு
ஈரல் பதில் சொல்கிறது.

ஒன்பதுக்குமேல் கூட்டம் குறையும்.
இன்று நானும் சாப்பிடவில்லை.
ரப்பர் பட்டியைப் பல்லால் இழுத்து
இடக்கையில் கட்டினேன்.
என் நரம்பு அவ்வளவு நல்லதில்லை;
இரண்டாம் குத்தில்தான் வந்தது.
பதினேழு வருடம்
மற்றவர் பெயர்களைப் பிழையில்லாமல் எழுதிய கை
லேபிளில் என் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டது.
வெட்டி, மேலே எழுதினேன்.

மாத்தறை ரயில் போகிறது.
ராக்கில் குழாய்கள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கின்றன,
அவளுடையதும், பக்கத்தில் என்னுடையதும்.

உறைய அரைமணி ஆகும்.
எதிர்க்கடைப் பொடியனிடம் ஒரு பிளேன்ரீ சொல்கிறேன்.
"சீனி, அக்கா?"
வழக்கம்போலவா இல்லையா என்று
அவன் வாசலிலேயே நிற்கிறான்.